பியானோவுக்கு முந்தைய பாட்டு: பிரிட்டனின் சைக்கடெலிக் ஃபோக் இசை

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். அரங்கில் ஒலிக்கவிட்ட இசைத்துண்டுகளுக்குப் பதிலாக அவற்றைப் பற்றிய சிறு விளக்கங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. கிளைப்பேச்சுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டுள்ளன.)



பிற நாட்டு இசை ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தபோது, பீத்தோவனையோ ஜாஸையோ எடுத்துக்கொள்வேன் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது 1966க்கும் 1972க்கும் நடுவில் பிரிட்டனில் பூத்து அடங்கிய ஒரு போக்கு. சைக்கடெலிக் ஃபோக் என்பார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் பாட்டு ஒரு பக்கம்; அதோடு சிதார், உத் என்ற அரபுத் தந்திவாத்தியம், மொராக்கோவின் கிம்ப்ரி, ஹார்ப்சிகார்ட், மின்கித்தார், பஹாமாஸ் தீவின் சாவுவீட்டுப் பாட்டு. பட்டியலைச் சொன்னாலே வகுப்பில் சிரிப்பு எழும். போதையில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் மீட்டிய பிள்ளைகள் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. கஞ்சா இருந்தது, எல்எஸ்டியும் இருந்தது. அதை வைத்து அந்தப் பாட்டுகளின் கிறக்கத்தை வேண்டுமானால் விளக்கலாம். இத்தனை காலம் கழித்தும் இருபது வயதுக்காரர்கள் அவற்றைத் தேடிப் போவதை விளக்க முடியாது.

என் வாதம் ஒன்றுதான். தூரதேசத்து வாத்தியங்களைக் கொண்டுவந்து வைத்தபோது அவை அந்தப் பாட்டுகளோடு ஒட்டின. ஒட்டியதற்குக் காரணம், அவை அடிப்படையில் ஒற்றைக்குரல் மெட்டுகள். கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டு, பிறகு வந்து சேர்ந்த சங்கதி. இங்கிலாந்தின் வரவேற்பறையிலும் பள்ளிக்கூடத்திலும் அவற்றுக்குத் துணையாக வைத்த பியானோவைவிட உத்தும் சிதாரும் அவற்றுக்கு நெருங்கிய சொந்தம். இதை ஏழு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. தோட்டக்காரரின் பாட்டு

1903இல் செசில் ஷார்ப் என்ற லண்டன் இசை ஆசிரியர் சோமர்செட் மாவட்டத்து ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில் பாதிரியாரான தம் நண்பர் வீட்டில் தங்கியிருந்தார். தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஜான் இங்கிலாந்து. புனைகதையில் இப்படிப் பெயர் வைத்தால் பதிப்பாசிரியர் அடித்துவிடுவார். ஷார்ப் அந்தப் பாட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்றே அதற்குப் பியானோ துணை எழுதி, மாலை விருந்தில் ஒரு பாடகியைப் பாட வைத்தார். அந்தப் பாட்டுக்கு முதல்தடவையாக விருந்து உடுப்பு மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று கேட்டவர் ஒருவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. என் உரைக்கு இதைவிட நல்ல முகப்பு கிடையாது.

ஷார்ப் அரிய காரியம் செய்தவர். அவரும் அவரை ஒத்தவர்களும் ஊர் ஊராகச் சென்று எழுதிவைக்காவிட்டால் ஆயிரக்கணக்கான பாடல்கள் பாடியவர்களோடு போயிருக்கும். 1907இல் வந்த அவருடைய நூலிலேயே ஒரு முக்கியமான கவனிப்பு இருக்கிறது: இங்கிலாந்துக் கிராமத்து மெட்டுகள் பலவும் மேஜர், மைனர் என்ற இரண்டு அளவுகளுக்குள் அடங்குவதில்லை. அவை மிக்ஸோலிடியன், டோரியன், ஏயோலியன் என்ற பழைய சுர வரிசைகளில் நடக்கின்றன. நம் வழக்கில் சொன்னால் ஹரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி. சுர வரிசையைத்தான் சொல்கிறேன். ராகம் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இந்த மூன்றிலும் இருப்பது கைசிகி நிஷாதம். ஐரோப்பியக் கார்டு முறையோ பாட்டை முடித்து ஷட்ஜத்தில் இறங்க, காகலி நிஷாதத்தை எதிர்பார்க்கிறது. பியானோவின் இடது கை வழக்கமான முடிப்புக் கார்டை அழுத்தும். பாடுபவரின் மெட்டில் அந்த நிஷாதமே இருக்காது. ஷார்ப் போன்ற கவனமுள்ளவர்கள் இதைத் தவிர்த்து எழுதப் பார்த்தார்கள். மற்றவர்கள் மெட்டையே வளைத்தார்கள். பள்ளிக்கூடப் பாட்டுப் புத்தகங்களின் வழியாக ஒரு தலைமுறை முழுவதும் தன் நாட்டுப் பாட்டைப் பியானோவோடுதான் அறிந்தது. 1960களின் இளைஞர்களுக்கு நாட்டார் பாட்டு என்றதும் கொட்டாவி வந்ததில் வியப்பில்லை.

2. காந்தாரம் இல்லாத கித்தார்

கித்தார்க்காரர் டேவி கிரஹாம் 1940இல் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்துக்காரர், தாய் கயானாவைச் சேர்ந்தவர். இருபது வயதை ஒட்டி மொராக்கோவின் டாஞ்சியருக்குப் போய் அங்கே உத் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க முயன்றார். வழக்கமான கித்தார் சுருதியமைப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆறு தந்திகளில் முதலாவது, இரண்டாவது, ஆறாவது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினார். கடைசித் தந்தியிலிருந்து வரிசையாகச் சொன்னால் டி-ஏ-டி-ஜி-ஏ-டி. கித்தார் கற்பவர்கள் இன்று 'டாட்காட்' என்று ஒரே சொல்லாகச் சொல்லும் அமைப்பு.

டி என்பதை ஷட்ஜமாக வைத்து வாசித்துப் பாருங்கள்: ச-ப-ச-ம-ப-ச. காந்தாரம் எங்கே? கிடையாது. ஒரு கார்டு மேஜரா மைனரா என்று தீர்மானிப்பது காந்தாரம். அது இல்லாததால் கித்தார் எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் நிற்கிறது. ஆறில் ஐந்து தந்தி ஷட்ஜமும் பஞ்சமமும். கிட்டத்தட்ட ஒரு தம்புரா. மேல்தந்தியில் விரல் எந்தக் காந்தாரத்தைத் தொட்டாலும் கீழே உள்ளது சண்டை போடாது.

கிரஹாம் இந்த அமைப்பில் வாசித்துப் புகழ்பெற்றது 'ஷி மூவ்டு த்ரூ தி ஃபேர்' என்ற அயர்லாந்து மெட்டு, மிக்ஸோலிடியன் வரிசை. அரங்கில் கேட்டபோது சிலர் தலையாட்டியதைக் கவனித்தேன். அதில் அவர் முதலில் தாளமில்லாமல் மெட்டைத் தடவித்தடவி வருகிறார். பிறகு ஒரு வேகம் பிடிக்கிறது. ஆலாபனை, ஜோடு என்று வடக்கத்திக்காரர்கள் சொல்லும் வரிசையை அவர் தெரிந்தே எடுத்திருக்கிறார். ஆனால் அயர்லாந்து மெட்டு கசங்கவில்லை. பியானோ துணையோடு அதைப் பாடிய பதிவுகள் பல உண்டு. அவற்றைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், மெட்டுக்கு மூச்சு வந்ததுபோல் இருக்கும்.

இந்த நிலைச்சுருதி பிரிட்டனுக்குப் புதிதும் அன்று. ஸ்காட்லாந்தின் பைப்பிலும் நார்தம்பர்லாந்தின் சிறு பைப்பிலும் ஒத்துபோல ஒரு சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. உத் என்பதே அரபு ஆட்சிக் காலத்து ஸ்பெயின் வழியாக ஐரோப்பாவுக்குள் வந்து லூட் ஆன வாத்தியம். ஆக, டாஞ்சியரில் கிரஹாம் சந்தித்தது ஒருவகையில் வீட்டுப் பெரியவரை.

3. கிளப் விதி

அன்றைய நாட்டார் இசை உலகம் இந்தக் கலப்பை வரவேற்றுவிடவில்லை. பாடகர் ஈவன் மெக்கோல் லண்டனில் நடத்திய சிங்கர்ஸ் கிளப்பில் ஒரு விதி இருந்தது: மேடையேறுபவர் தம் சொந்த நாட்டு, சொந்த மொழிப் பாட்டையே பாட வேண்டும். அமெரிக்கக் கறுப்பினத்தார் பாட்டை லண்டன் இளைஞர்கள் அரைகுறையாக நகல் செய்வதைத் தடுக்கத்தான் விதி. அதன் நோக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. (மெக்கோல் இங்கிலாந்தின் சால்ஃபர்டில் ஜேம்ஸ் மில்லராகப் பிறந்து, ஸ்காட்லாந்துப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டவர். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதால் அவரை விட்டுவிடுவோம்.)

இதற்கு எதிர்முனையில் 1965இல் சோஹோவின் கிரீக் தெருவில், ஓர் உணவகத்தின் நிலவறையில் லெ கசன்ஸ் என்ற கிளப் திறந்தது. விடியவிடியக் கச்சேரி. யாரும் எதையும் வாசிக்கலாம். பெர்ட் ஜான்ஷ், ஜான் ரென்போர்ன், கிரஹாம் எல்லாரும் அங்கே கித்தார் வாசித்தவர்கள். ஜான்ஷும் ரென்போர்னும் ஜாஸ் டபுள் பாஸ் வாசித்த டேனி தாம்சன், தாளக்காரர் டெர்ரி காக்ஸ், பாடகி ஜாக்கி மெக்ஷீ ஆகியோரோடு 1967இல் பென்டாங்கிள் குழுவைத் தொடங்கினார்கள்.

4. இரண்டு பேர், எண்ணற்ற வாத்தியம்

இன்கிரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் இல்லாமல் இந்தப் பேச்சே இல்லை. எடின்பரோவில் ராபின் வில்லியம்சனும் பேஞ்சோக்காரர் கிளைவ் பாமரும் இருவராகத் தொடங்கினார்கள். மைக் ஹெரன் மூன்றாவதாகச் சேர்ந்தார். 1966இல் முதல் இசைத்தட்டு வந்த கையோடு பாமர் ஆப்கானிஸ்தான், இந்தியா என்று கிளம்பிவிட்டார். வில்லியம்சன் மொராக்கோ போனார். பணம் தீர்ந்ததும் திரும்பினார். கையில் கிம்ப்ரி முதலான வாத்தியங்கள். அவரும் ஹெரனும் மட்டுமாக 1967இல் 'ஐயாயிரம் ஆவிகள்' என்று தொடங்கும் நீண்ட தலைப்பில் ஒரு தட்டும், 1968 மார்ச்சில் 'தி ஹேங்மன்ஸ் பியூட்டிஃபுல் டாட்டர்' தட்டும் வெளியிட்டார்கள். பின்னது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. இன்று கேட்டால் நம்பக் கடினம்: வானொலியில் ஒலிக்கத்தக்க ஒரு பாட்டுகூட அதில் இல்லை.

இதற்குப் பின்னால் இருந்தவர் ஜோ பாய்ட் என்ற அமெரிக்கர். 1965இல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் மின்கித்தாரோடு மேடையேறியபோது அங்கே மேடைப் பொறுப்பில் இருந்தவர்; லண்டனில் யூஎஃப்ஓ கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர்; பிங்க் ஃப்ளாய்டின் முதல் சிங்கிளைத் தயாரித்தவர். அவர் பதிவு செய்தது செல்சியில், பழைய பால்பண்ணைக் கட்டடம் ஒன்றில் இயங்கிய சவுண்ட் டெக்னிக்ஸ் கூடத்தில். ஒலிப்பதிவாளர் ஜான் வுட். பல்தடப் பதிவு வந்திருந்த காலம். ஒரு தடத்தில் கித்தார், அடுத்ததில் உத், அதன்மேல் சீழ்க்கைக்குழல், மோர்சிங் என்று இரண்டு பேரே பத்துப் பேராக முடிந்தது. வுட்டின் பதிவில் தந்தியில் நகம் உரசுவதுகூடக் கேட்கும். எதிரொலி பூசி மழுப்பவில்லை. சைக்கடெலிக் என்ற பெயரோடு வந்த பல ராக் தட்டுகள் அந்தந்த ஆண்டின் மின்வித்தைகளோடு பழசாகிப்போக, இவை பழசாகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

'ஹேங்மன்ஸ்' தட்டின் 13 நிமிடப் பாட்டு ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 'எ வெரி செல்லுலர் சாங்', ஹெரன் இயற்றியது. குளிர்காலத்தைப் பற்றிய பகுதியில் தொடங்குகிறது. திடீரென்று பஹாமாஸ் தீவில் இறந்தவரை வழியனுப்பப் பாடும் பாட்டு வருகிறது. பிண்டர் குடும்பத்தாரும் ஜோசப் ஸ்பென்ஸும் பாடிய பதிவு அப்போதுதான் தட்டாக வந்திருந்தது. ஹார்ப்சிகார்ட் குறுக்கே ஓடுகிறது. பிறகு பாடுவது ஓர் அமீபா. துணை வேண்டுமென்றால் தன்னை இரண்டாகப் பிளந்துகொள்ளும் உயிரின் தன்வரலாறு அது. கடைசியில் எல்லாருக்கும் நல்வாழ்த்துச் சொல்லி மெல்ல அடங்குகிறது.

குளிரில் தொடங்கி, சாவைக் கடந்து, சாவே இல்லாத ஒற்றைச் செல் உயிருக்கு வந்து, வாழ்த்தில் முடிகிற இந்த வரிசை குழப்பமாகத் தோன்றலாம். கட்டிப்போடும் கார்டு நகர்வு ஒன்று இல்லாததால்தான் இது சாத்தியமாகிறது. ஒவ்வொரு துண்டும் தன் சுருதியை ஊன்றி நிற்கிறது, அடுத்தது வேறொன்றை ஊன்றுகிறது. நம் கச்சேரியில் ராகமாலிகைக்கு ஒப்புக்கொள்ளும் காது இதையும் ஒப்புக்கொள்ளும். ஒரு துணுக்குச் செய்தி: அந்த முடிவு வாழ்த்தைக் குண்டலினி யோகா வகுப்புகளில் உலகெங்கும் பாடி முடிக்கிறார்கள். ஏதோ பழங்காலக் கீழைத்தேய ஆசீர்வாதம் என்றே பாடுபவர் பலர் நினைத்திருக்கிறார்கள். அது 1968 தட்டுக்காக எடின்பரோக்காரர் ஒருவர் எழுதியது.

வில்லியம்சனின் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில்லை. சறுக்கிப் போகிறார், வழியில் நடுங்குகிறார், சில சமயம் சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறார். ஸ்காட்லாந்து, அயர்லாந்தின் பழைய பாடகர்களிடமும் இந்த இழைப்பு உண்டு, மொராக்கோவிலும் உண்டு. அவர் எதை எங்கே கற்றார் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி பாடுகிறார். பலருக்கு இந்தக் குரல் ஒத்துக்கொள்வதில்லை. நம் மேடைகளில் கமகம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒருவேளை எளிதாக ஒத்துக்கொள்ளலாம்.

என் வாதத்துக்கு அடங்காததையும் சொல்லிவிடுகிறேன். அதே தட்டில் 'தி மினோட்டார்ஸ் சாங்' இருக்கிறது: மாட்டுத்தலை அரக்கன் மியூசிக் ஹால் பாணியில் கோரஸோடு பாடும் கேலிப்பாட்டு. அதற்குச் சுருதியும் வேண்டாம், டாஞ்சியரும் வேண்டாம். அச்சு அசலான இங்கிலாந்துக் கூத்து. எல்லாவற்றையும் ஒரே கொள்கையில் அடைத்தால் இந்தக் குறும்பு வெளியே நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

5. இடைக்காலம் என்ற தூரதேசம்

தூரம் என்பது காலத்திலும் உண்டு. சசெக்ஸைச் சேர்ந்த ஷெர்லி காலின்ஸ் 1960களின் நடுவில் கிரஹாமோடு ஒரு தட்டு பாடினார். 1969இல் அக்கா டாலியோடு சேர்ந்து 'ஆன்தம்ஸ் இன் ஈடன்' வெளியிட்டார். அதில் டேவிட் மன்ரோவின் பழமிசைக் குழுவினர் கிரம்ஹார்ன், சாக்பட் போன்ற பழைய வாத்தியங்களை வாசித்தார்கள். டாலி வாசித்தது சிறு குழல் ஆர்கன். ஸ்ட்ரிங் பேண்டின் 1968 தட்டிலும் அவர் வாசித்திருக்கிறார். கார்டு ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய வாத்தியங்கள் கிராமத்து மெட்டோடு எவ்வளவு இயல்பாக இணைகின்றன என்பதற்கு இந்தத் தட்டே சாட்சி. ஷெர்லியின் குரலில் எந்த அலங்காரமும் கிடையாது. பாடுபவர் பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

6. இருட்டு

பூ, வானவில், குழந்தைச் சிரிப்பு என்று மட்டும் இந்த இசையை நினைப்பவர்கள் பாட்டின் கதையைக் கேட்பதில்லை. ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் சைல்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த 305 கதைப்பாடல்களைப் புரட்டினால் கொலை, முறைதவறிய உறவு, பேய் திரும்பி வருதல், தேவதை கடத்திப்போதல். நம் கதைப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் லண்டன் இளைஞர்களின் ராக் குழு. 1969இன் தொடக்கத்தில் பாடகி சாண்டி டென்னி 'எ செய்லர்ஸ் லைஃப்' என்ற பழம்பாட்டைக் குழுவுக்குள் கொண்டுவந்தார். 11 நிமிடம், ஒரே டேக். அதில் கார்டு மாறுவதே இல்லை எனலாம். ஷட்ஜத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ரிச்சர்ட் தாம்சனின் மின்கித்தாரும் டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினும் கடல் எழுவதுபோல் எழுகின்றன. மின்சாரமும்கூட நிலைச்சுருதிக்குத்தான் இங்கே உழைக்கிறது.

அதே ஆண்டு மே 12 அன்று கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் எம்1 நெடுஞ்சாலையில் அவர்கள் வேன் கவிழ்ந்தது. 19 வயது டிரம்மர் மார்ட்டின் லாம்பிளும் தாம்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார்கள். அதுவரை மேடையில் பாடிவந்த பாட்டுகளைத் தொடர மனமில்லாமல், ஹாம்ப்ஷையரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அந்தக் கோடை முழுவதும் கதைப்பாடல்களோடு இருந்தார்கள். பாஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் செசில் ஷார்ப் பெயரிலான கட்டடத்தில் உள்ள நூலகத்துக்குப் போய்ப் பாட்டுகளைத் தேடிக்கொண்டு வந்தார். டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' வந்தது. அதில் 'மேட்டி க்ரோவ்ஸ்' இருக்கிறது: மனைவியையும் அவள் காதலனையும் பிரபு வெட்டிச் சாய்க்கும் கதை. டென்னி அழுது பாடவில்லை, மிரட்டிப் பாடவில்லை. நடந்ததைச் சொல்பவள்போலச் சொல்கிறார். துக்கத்தில் இருந்தவர்கள் சொந்தத் துக்கத்தை நேராகச் சொல்லாமல் முன்னூறு ஆண்டுப் பழைய கொலைக் கதையைப் பாடினார்கள். இந்த இசையின் ஈர்ப்பு எதுவென்று யாராவது என்னை மடக்கினால் அந்தப் பதிவைத்தான் முதலில் போடுவேன்.

7. குறை சொல்வோருக்கு

இரண்டு குற்றச்சாட்டுகள். முதலாவது, இது ஏகாதிபத்தியத்தின் பிள்ளைகள் பிறர் வாத்தியத்தை அள்ளிக்கொண்டு வந்த கதை. இதில் உண்மை இருக்கிறது. சிதாரை முறையாகப் பயிலாமல் அலங்காரத்துக்கு வைத்த தட்டுகள் நிறைய. ரென்போர்ன் பென்டாங்கிளில் வாசித்த சிதாரைக் கேட்டு நம்மூர் வித்வான் ஒருவர் முகம் சுளிக்கலாம். மொராக்கோவில் வில்லியம்சனுக்கு விரல்பிடித்துக் காட்டியவர்களின் பெயர் எந்த உறையிலும் அச்சாகவில்லை. ஆனால் இதே காலத்தில் ராக் குழுக்கள் சிதாரைத் தங்கள் கார்டுகளுக்குமேல் வாசனைத் திரவியம்போலத் தெளித்தன. இவர்கள் அந்த வாத்தியத்தின் இலக்கணத்தில் ஒரு பங்குக்கேனும், அதாவது சுருதிக்கு, தங்கள் பாட்டை ஒப்புக்கொடுத்தார்கள். இந்த வேறுபாட்டைக் காது அறியும்.

இரண்டாவது, அளவு தெரியாமை. இதை நான் மறுக்கப்போவதில்லை. ஸ்ட்ரிங் பேண்டின் பிற்காலத் தட்டுகளில் பாதியைக் கத்தரித்திருக்கலாம். 1969 வுட்ஸ்டாக் விழாவில் வெள்ளிக்கிழமை இரவு மழைக்குப் பயந்து மேடையேற மறுத்து, மறுநாள் பகலில் ராக் கேட்க வந்த கூட்டத்தின் முன் வாசித்து எடுபடாமல் போனார்கள். 1974இல் குழு கலைந்தது. இவர்களுக்குப் பின்வந்த போலிகளைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தைக் கெடுக்க விரும்பவில்லை. விலக்கு, 1971இல் 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' வெளியிட்ட கோமஸ் குழு. தனியாக இரவில் கேட்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிறகு நடந்தது விசித்திரம். வாஷ்டி பன்யன் 1968இல் குதிரைவண்டியில் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் மேலைத் தீவுகளை நோக்கிக் கிளம்பியவர். வழியில் எழுதிய பாட்டுகளை ஜோ பாய்ட் 1970இல் தட்டாக்கினார். யாரும் வாங்கவில்லை. அவர் பாட்டையே விட்டுவிட்டார். 2000இல் அந்தத் தட்டு மறுபடி வெளியானபோது அமெரிக்காவின் இளம் பாடகர்கள் அதைக் கொண்டாடினார்கள். 2005இல் இரண்டாம் தட்டு பாடினார், 35 ஆண்டு இடைவெளிக்குப் பின். ஷெர்லி காலின்ஸ் குரலை இழந்து பல்லாண்டு மேடையை விட்டே விலகியிருந்து, 2016இல், 81 வயதில், 'லோட்ஸ்டார்' தட்டோடு திரும்பினார். குரல் தாழ்ந்திருக்கிறது, கரகரக்கிறது. பாடுவது அதே பழைய கொலைக் கதைகளை. காண்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ் ஸ்ட்ரிங் பேண்டைப் பற்றிய தொகுப்பு நூலுக்கு முன்னுரை எழுதியவர் என்பதைப் பேராசிரியர்களின் மேலான கவனத்துக்கு வைக்கிறேன்.

தொடங்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வரிசை: முதலில் 'லீஜ் அண்ட் லீஃப்', அடுத்து பென்டாங்கிளின் 'பாஸ்கெட் ஆஃப் லைட்', பிறகு 'ஆன்தம்ஸ் இன் ஈடன்'. காது பழகிய பிறகு 'ஹேங்மன்ஸ்' தட்டுக்குப் போங்கள். முதல்முறை பாதியில் நிறுத்தத் தோன்றும். மினோட்டார் வரும் வரையாவது பொறுத்துக்கொள்ளுங்கள். கித்தார் வைத்திருப்பவர்கள் இன்றிரவே மூன்று தந்தியை ஒவ்வொரு சுரம் இறக்கி, தெரிந்த ஹரிகாம்போதிப் பாட்டு ஒன்றை வாசித்துப் பார்க்கலாம். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது என்று தலைவர் சைகை காட்டுகிறார், கேளுங்கள்.